ஒரு துளி நகப்பூச்சும் ஒன்பது கணக்குகளும்

என் வாழ்நாளில் நான் காசு கொடுத்து வாங்கிய ஒரே நகப்பூச்சு, ஒரு கம்ப்யூட்டருக்காக வாங்கியது. மேலப்பாளையம் பஜாரில் ஒரு வளையல் கடையில் நின்று, "எந்த நிறமாயிருந்தாலும் சரி, சீக்கிரம் காயணும்" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ரோஜா நிறத்தில் ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் அதைப் பார்த்த உம்மா பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏளா, இது எதுக்கு? நகத்துல பூசினா தொழுகைக்கு ஒளு சேராதுல்லா?"

"நகத்துக்கு இல்லம்மா. மெஷினுக்கு."

"மெஷினுக்கு நகம் இருக்காக்கும்!" என்று சொல்லிவிட்டு உம்மா மறுபடி இலை வெட்டப் போய்விட்டாள்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. உங்களில் பலர் என்னைப் பார்த்ததும் கேட்பது, "மெஷினை வேகங்கூட்டி ஓவர்கிளாக் செய்த முதல் ஆள் நீங்களாமே?" என்பதுதான். திருநெல்வேலியில் முதல் ஆள் நானா என்று எனக்குத் தெரியாது. எங்கள் கடையில் முதல் ஆள் நான்தான். அதில் எனக்குப் பெருமை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் பெருமைப்படுகிறேன் என்பதை முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் விற்பனைக் கடையில் சர்வீஸ் எஞ்சினீயர். பாலிடெக்னிக் முடித்துச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கடை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். முன்பு தையல் மெஷின் விற்றவர். கம்ப்யூட்டரின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் வாங்கிக்கொண்டு போனவரின் முகம் ஒரு வருடம் கழித்தும் அவருக்கு நினைவிருக்கும்.

அப்போது புதிதாக ஒரு பிராசஸர் வந்திருந்தது. இப்போது நீங்கள் பார்ப்பதுபோலச் சதுரச் சில்லு இல்லை. நீளமான அட்டை. மதர்போர்டில் நிமிர்த்திச் செருக வேண்டும். அடியில் வரிசையாகத் தங்கநிறக் கால்கள் இருக்கும். முந்நூறு மெகாஹெர்ட்ஸ் வேகம் என்று சொல்லி விற்றோம். அந்தக் கால்களில் ஒன்றே ஒன்றை மட்டும் மின்சாரம் படாமல் மறைத்துவிட்டால், மதர்போர்டு அதை வேறு வகைப் பிராசஸர் என்று நினைத்துக்கொண்டு வேகமாக ஓட்டும், முந்நூறு நானூற்று ஐம்பது ஆகிவிடும் என்று ஒரு பத்திரிகையின் வாசகர் பகுதியில் படித்திருந்தேன். மறைப்பதற்கு அவர்கள் சொல்லியிருந்த பொருள்தான் நகப்பூச்சு.

சர்வீஸ் மேசையில் எங்கள் உபயோகத்துக்கென்று ஒரு மெஷின் உண்டு. அதைத்தான் முதலில் கழற்றினேன். பிராசஸரை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, கால்களை ஒருமுறைக்கு மூன்றுமுறை எண்ணினேன். தூரிகை தடிமனாக இருந்தது. துடைப்பக் குச்சி ஒன்றைச் சீவி, அதன் முனையில் ஒரு துளி எடுத்து வைத்தேன். பக்கத்துக் காலில் படாமல் வைத்து முடிக்கும்வரை மூச்சு விடவில்லை. காய்ந்ததும் செருகி, சுவிட்சைப் போட்டேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. 450.

கடையில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் எழுந்து நின்று திரையைத் தொட்டுப் பார்த்தேன். சிரித்துவிடாதீர்கள். வெளியூர்களில் பெரிய விலை கொடுத்து வாங்குகிற வேகம் அது. எங்கள் ஊரில், என் மேசையில், வளையல் கடைக் குப்பியிலிருந்து வந்திருந்தது. அன்று முழுக்க அதில் ஒரு கார் பந்தய விளையாட்டை ஓடவிட்டேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. கை வைத்துப் பார்த்தால் சூடும் அதிகமில்லை. வேலை பலித்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவுதான் நான் செய்த தப்பு. மூன்று நாளில் அது தன் வேலையைக் காட்டியது.

மறுநாள் வியாழக்கிழமை காலை விசாலம் மேடம் கடைக்கு வந்தார். கல்லிடைக்குறிச்சியில் வீடு. கல்லூரியில் சிவில் எஞ்சினீயரிங் பாடம் எடுத்தார். ஆறு மாதத்துக்கு முன் எங்களிடம் அதே வகை மெஷின் வாங்கியிருந்தார். நான்தான் போய்ப் பூட்டிக் கொடுத்திருந்தேன். அன்று அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஹாஜரா, இதைவிட வேகமான மெஷின் உங்க கடையில இருக்கா? வாடகைக்குக் கொடுத்தாலும் போதும்."

"இல்லயே மேடம். உங்களோடதுதான் இப்போதைக்குப் பெருசு. என்ன விஷயம்?"

அவர் சொன்னது இதுதான். அதற்குச் சில வருடங்களுக்கு முன் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேடத்தின் தெருவில் பால் ஊற்றும் ஒருவர், தண்ணீர் வருகிறது என்று கேட்டதும் ஆற்றோரத் தொழுவத்தில் மாட்டை அவிழ்க்கப் போனார். திரும்பவில்லை. தண்ணீர் வந்து சேர எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்குமே தெரியவில்லை. மேடம் அதிலிருந்து ஆறு வருடமாக ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். மேலே மலையில் இவ்வளவு தண்ணீர் இறங்கினால், கல்லிடைக்குறிச்சிக்கு எத்தனை மணி நேரத்தில் வரும், சேரன்மகாதேவிக்கு எப்போது, திருநெல்வேலிக்கு எப்போது. அதற்கான புரோகிராமை அவரே எழுதியிருந்தார்.

"அடுத்த வியாழக்கிழமை மழைக்கு முந்தின வெள்ளத் தடுப்புக் கூட்டம். எல்லா அதிகாரிகளும் வராங்க. எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க, நேத்துதான் சொன்னாங்க. ஒம்பது விதமான வெள்ளத்துக்குக் கணக்குப் போடணும். ஒண்ணுக்கு ஒரு நாள் ஆகுது. ஒம்பது நாள். எங்கிட்ட இருக்கிறது ஏழே நாள்."

"அடுத்த கூட்டத்துல சொல்லக்கூடாதா மேடம்?"

"அடுத்த கூட்டம் மழை முடிஞ்சப்புறம்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். முந்நூறில் ஒரு நாள் என்றால் நானூற்று ஐம்பதில் பதினாறு மணி நேரம். ஒன்பதுக்கு ஆறு நாள். சரியாகப் பொருந்தியது. பொருந்தியதும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னால் அடக்க முடியவில்லை.

"மேடம், உங்க மெஷினையே ஒண்ணரை மடங்கு வேகமா ஓட்டித் தரட்டுமா?"

பிராசஸரின் ஆயுள் குறையலாம், கெட்டால் மாற்றித் தர மாட்டார்கள் என்றெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "கெட்டாக் கெடட்டும், கணக்கு முடியணும்" என்றார். அன்று மதியமே அவரோடு பஸ் ஏறிப் போய், குச்சியும் குப்பியும் வைத்து வேலையை முடித்தேன். திரையில் 450 வந்தது. அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிக் காட்டினேன். இரண்டு மணிக்கு முதல் கணக்கு ஓடத் தொடங்கியது. மேடம் எனக்குக் காப்பி கொடுத்தார். வழியனுப்ப வாசல்வரை வந்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, தெரிந்தவர் யாராவது ஏறினால் சொல்லலாமே என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை மதியம் கடையில் ஒரு அச்சகக்காரருக்காகக் கல்யாணப் பத்திரிகைப் படங்களைச் சுருக்கி ஒரே கோப்பாகக் கட்டிக்கொண்டிருந்தேன். சர்வீஸ் மேசை மெஷினில்தான், அதாவது நான் முதலில் வேகப்படுத்திய மெஷினில். கட்டியதைப் பிரித்துப் பார்த்தபோது 'கோப்பு பழுது' என்று வந்தது. மறுபடி கட்டினேன், சரியாக வந்தது. மூன்றாவது முறை சரி. நான்காவது முறை மறுபடி பழுது.

மெஷின் நிற்கவில்லை. திரை ஆடவில்லை. சூடு இல்லை. தப்பாக ஒரு வேலையைச் செய்துவிட்டு, சரியாகச் செய்தது போலவே அடுத்த வேலைக்குக் காத்துக்கொண்டு நின்றது.

விளையாட்டில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யார் கண்டார்கள்? பத்திரிகைப் படம் கெட்டால் கெட்டது என்று சொல்ல, அந்தக் கோப்புக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. மேடத்தின் கணக்கில் ஒரு எண் மாறினால் யார் சொல்வார்கள்?

போனை எடுத்தேன். மேடம் நான் வாய் திறக்குமுன்பே ஆரம்பித்துவிட்டார். "ஹாஜரா! மூணு முடிஞ்சு நாலாவது ஓடுது! ஒரு தடவைகூட நிக்கலை! நீ செஞ்ச உபகாரத்தை நான் மறக்க மாட்டேன்."

நான், "சரி மேடம், சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், உங்களுக்கும் இப்படி ஒரு போன் பேச வேண்டி வரும். அந்த மாலை முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வேறு மெஷின், இது வேறு மெஷின். அங்கே சரியாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். நான் போய்ச் சொன்னால் இரண்டு நாள் உழைப்பு போய்விடும், அவருக்குக் கூட்டமும் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எல்லாமே நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் கண்ணை மூடினால் மாட்டை அவிழ்க்கப் போன அந்த மனிதர்தான் வந்தார். நான் அவரைப் பார்த்ததுகூடக் கிடையாது.

ஞாயிறு விடிந்ததும் முதல் பஸ்ஸில் கல்லிடைக்குறிச்சிக்குப் போய் இறங்கினேன். மேடம் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற இடத்திலேயே சொன்னேன்.

"மேடம், மெஷின் தப்பாக் கணக்குப் போடுதோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நான் சரியாச் சோதிக்காமக் கொடுத்துட்டேன்."

கோலப்பொடி அவர் கையிலேயே இருந்தது. சிரிப்பு போய்விட்டது. "நாலு முடிஞ்சாச்சு, ஹாஜரா. அஞ்சாவது ஓடிட்டிருக்கு."

"தெரியும் மேடம்."

"நேத்து போன் பண்ணியே. அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அவர் கோலப்பொடியைக் கிண்ணத்தில் தட்டிவிட்டு எழுந்தார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு, "உள்ள வா. என்ன பண்ணணும் சொல்லு" என்றார்.

நான் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டேன். "விடை ஏற்கெனவே தெரிஞ்ச சின்னக் கணக்கு ஏதாவது இருக்கா மேடம்?" இருந்தது. புரோகிராம் எழுதிய புதிதில் சோதனைக்காக ஒரு சிறிய வெள்ளத்தை வைத்து, ஒரு மாதம் உட்கார்ந்து கையாலேயே போட்டுச் சரிபார்த்த கணக்கு. ஐந்து நிமிடத்தில் ஓடி முடியும். விடைத்தாள் பீரோவில் இருந்தது. நான் வியாழக்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பெரிய கணக்கை நிறுத்திவிட்டுச் சின்னக் கணக்கை ஓட்டினோம். நான் திரையிலிருந்து ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, மேடம் தாளில் விரல் வைத்துப் பார்த்தார். சரி. இரண்டாம் முறை, சரி. மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் சரி. மேடம் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "பாத்தியா, நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கும் அப்படியே விட்டுவிட ஆசைதான். "இன்னும் கொஞ்சம் ஓட்டுவோம் மேடம்" என்றேன்.

பதினோராவது முறை. நான் வாசித்துக்கொண்டே வந்தேன். "ஏழரை."

"ஆறு" என்றார் மேடம்.

"இங்க ஏழரைன்னு இருக்கு மேடம்."

அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். அந்த வரிக்குக் கீழே எல்லாமே மாறியிருந்தன. தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வந்து சேரும் ஊருக்கு, ஏழரை மணி நேரம் இருக்கிறது என்று மெஷின் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஒண்ணரை மணி நேரம்" என்றார் மேடம். "ஒண்ணரை மணி நேரத்துல எங்க தெரு முழுசையும் காலி பண்ணிடலாம்."

பிறகு அவரே பிரிண்டர் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த நான்கு கணக்குகளின் தாள்களையும் எடுத்தார். கத்தையைக் குறுக்காகக் கிழித்தார். என்னைக் கிழிக்கச் சொல்லவில்லை. அழவும் இல்லை. "இதுல எது சரி எது தப்புன்னு இனிமே தெரியாது. எனக்கு வேண்டாம்" என்றார்.

இப்போது இரண்டு வழி இருந்தது. நகப்பூச்சைத் துடைத்துவிட்டுப் பழைய வேகத்துக்குப் போவது ஒன்று. அப்படிப் போனால் வியாழனுக்குள் நான்கு கணக்குக்கூட முடியாது. இன்னொன்று, தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது. நான் மேடத்திடம், "மத்தியானம் வரைக்கும் எனக்கு நேரம் தாங்க. அதுக்குள்ள கண்டுபிடிக்க முடியலன்னா நானே துடைச்சுடுதேன்" என்றேன். கெடு வைக்காமல் இறங்கியிருந்தால் நான் அன்று முழுக்கக் குடைந்துகொண்டே இருந்திருப்பேன்.

முதலில் பிராசஸர் சூடாகிறதோ என்று சந்தேகப்பட்டேன். மேசைவிசிறியை நேராகத் திருப்பி வைத்தும் தப்பு வந்தது. பிறகு மெஷினின் நினைவகமான ரேமைப் பார்த்தேன். இரண்டு ரேம் குச்சிகள் இருந்தன. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது, இரண்டும் ஒன்றல்ல. ஒன்று புது வகை. மற்றது பழைய மெதுவான வகை. பழைய வேகத்துக்கு அது போதும், புது வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆறு மாதத்துக்கு முன் பூட்டியது யார்? நான்தான். சர்வீஸ் மேசை மெஷினிலும் அதே ஜோடிதான். மேடத்தின் மெஷினில் பழையதைக் கழற்றிவிட்டு, புது வகையை மட்டும் வைத்துச் சின்னக் கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். எல்லாம் சரியாக வந்தது. பழையதை மட்டும் வைத்தேன். மூன்றாவது முறையே தப்பு.

பிராசஸர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியை இன்றும் என்னால் சொல்ல முடியும்.

ஆனால் ஒரு குச்சியில் பெரிய கணக்கு அடங்காது. நேரமும் போதாது. மேடத்தின் வீட்டுப் போனிலிருந்து அண்ணாச்சிக்குப் பேசினேன். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணாச்சி?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நான் வித்த மெஷினுக்கு நகப்பாலிஷ் போட்டியாக்கும்?"

"ஆமா அண்ணாச்சி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல. தப்புதான்."

"இப்ப என்ன வேணும்?"

"ஷோரூம் மெஷின்ல இருக்கிற ரெண்டு புது ரேமும் வேணும். சர்வீஸ் மேசை மெஷினும் நாலு நாளைக்கு வேணும். ரெண்டு மெஷினா ஓட்டினாத்தான் முடியும்."

"அந்த ஷோரூம் மெஷின் நாளைக்கு ஜவுளிக்கடைக்குப் போகணும்லா?"

"தெரியும் அண்ணாச்சி."

அவர் கேட்டார், "அந்த அம்மாகிட்ட நீயா போய்ச் சொன்னியா, அவங்க கண்டுபிடிச்சுக் கேட்டாங்களா?"

"நானாத்தான் போய்ச் சொன்னேன்."

"சரி. பஸ் ஏறி வா. கடையைத் திறந்து வைக்குதேன். ஜவுளிக்கடைக்காரன்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

கடையிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "தாயி, அதை இங்கன எஞ்சின் மூடி மேல வையேன். எதுக்குக் கஷ்டப்படுத?" என்றார்.

"அங்க சூடும் ஆட்டமுமா இருக்கும் அண்ணே. இதுக்கு ஆகாது."

"உள்ள என்ன, கைப்பிள்ளையா?"

"அப்படித்தான் வச்சுக்கிடுங்க" என்றேன். சேரன்மகாதேவியில் ஒரு அம்மா இறங்கும்போது, பெட்டியில் இடிபடாமல் பைய ஒதுங்கி இறங்கினார்.

மேடத்தின் கூடத்தில் இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரேமை மாற்றி, மூடியைக் கழற்றி, ஆளுக்கொரு மேசைவிசிறி வைத்தோம். இந்த முறை விளையாட்டு எதையும் ஓட்டவில்லை. சின்னக் கணக்கை ஒவ்வொன்றிலும் இருபது முறை ஓட்டினோம். நாற்பது முறையும் ஒரே விடை. மேடம் ஒவ்வொன்றையும் தாளோடு ஒப்பிட்டுப் பென்சிலால் கோடு போட்டார். அதன் பிறகுதான் பெரிய கணக்கை முதலிலிருந்து தொடங்கினோம். ஞாயிறு மாலை.

இரண்டு மெஷின், ஆளுக்கு ஐந்து என்றால் பத்து கணக்கு ஓடும். வேண்டியது ஒன்பது. மேடம், "மிச்ச நேரத்தை மழைக்கும் கரண்டுக்கும் வச்சுக்கலாம்" என்றார்.

"வேண்டாம் மேடம். ஒம்பதாவது கணக்கு இருக்குல்லா, பெரிய வெள்ளம். அதை ரெண்டு மெஷின்லயும் ஓட்டுவோம். ரெண்டும் ஒண்ணாயிருக்கான்னு பாப்போம்."

"கரண்ட் போச்சுன்னா நேரம் பத்தாதே?"

"பத்தலன்னா அதை விட்டுடுவோம். பத்தினா, கூட்டத்துல யாரும் கேக்குறதுக்கு முன்னால நமக்கே தெரிஞ்சிரும்."

செவ்வாய்க்கிழமை கரண்ட் போனது, இரண்டு மணி நேரம். யுபிஎஸ் இருபது நிமிடம்தான் தாங்கியது. மேடம் தன் புரோகிராமை அடிக்கடி சேமித்துக்கொள்ளும்படி எழுதியிருந்ததால், விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடர முடிந்தது. நான் கடையில் சர்வீஸ் மேசை மெஷின் இல்லாமல் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை. புதன் மாலை மட்டும், "நாளைக்கு லீவு எடுத்துக்க. போயி முடிச்சுட்டு வா" என்றார்.

வியாழன் காலை நான் போனபோது பிரிண்டர் சத்தம் தெருவிலேயே கேட்டது. இரண்டாவது மெஷினின் கடைசிப் பக்கம் வந்துகொண்டிருந்தது. மேடம் குளித்து, புடவை மாற்றி, தலை ஈரத்தோடு நின்றிருந்தார். ஒன்பதாவது கணக்கின் இரண்டு தாள்களையும் கையில் எடுத்தார். எண்ணெண்ணாக வாசிக்க நேரமில்லை. ஜன்னலுக்குப் போய், ஒரு தாளின் மேல் இன்னொன்றை வைத்து, ஓரங்களைச் சேர்த்து, கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். காலை வெயில் இரண்டு தாளையும் ஊடுருவி வந்தது. ஒரு எண்ணின் மேல் அதே எண். வரிக்கு வரி, பக்கத்துக்குப் பக்கம். எங்கேயும் ஒரு நிழல்கூட விலகவில்லை.

மேடம் தாளை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "ஹாஜரா, நீயும் வா" என்றார்.

"எங்க மேடம்?"

"கூட்டத்துக்கு."

பாளையங்கோட்டையில் நீளமான மேசை போட்ட ஒரு அறை. இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். நான் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். மேடம் எழுந்து, என்ன செய்திருக்கிறார் என்பதைச் சுருக்கமாகச் சொன்னார். அட்டவணையின் நகல்கள் கை மாறின. தலைமை வகித்த அதிகாரி வயதானவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "கணக்கெல்லாம் நல்லா இருக்கும்மா. ஆனா வீட்டுல வச்சிருக்கிற ஒரு கம்ப்யூட்டர்ல போட்டது. இதை நம்பி நான் எப்படி ஜனங்களை எழுப்புறது?"

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். "அந்த மெஷினுக்குப் பொறுப்பு இவங்க. இவங்க சொல்லுவாங்க சார்."

எல்லோரும் திரும்பினார்கள். நான் எழுந்தேன். பெரிய வார்த்தைகள் எதுவும் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். வேகத்தைக் கூட்டியதை, சரியாகச் சோதிக்காமல் விட்டதை, நான்கு கணக்குகளைக் கிழித்துப் போட்டதை, ரேமை மாற்றியதை, நாற்பது முறை சோதித்ததை, கடைசிக் கணக்கை இரண்டு மெஷினில் ஓட்டி ஒப்பிட்டதை.

அதிகாரி கேட்டார், "தப்பைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான் சார்."

"தப்பைப் பண்ணினது?"

"அதுவும் நான்தான் சார்."

அறையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டவணையைத் தன் பக்கம் இழுத்தார்.

"சரி, வாசிங்கம்மா. எல்லாரும் எழுதிக்கிடுங்க."

மேடம் ஒவ்வொரு ஊராக, அதற்கு எத்தனை மணி நேரம் என்று வாசிக்கத் தொடங்கினார். நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேனாக்களும் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தன.